தமிழில் ராப் பாடுகிறேன், கேட்க ஆள் வேண்டும்: டர்பன் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை இருக்கிறது. ஒரு மைக், ஒரு கணினி, எதிரொலி வராமலிருக்கச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட கம்பளிகள். சனிக்கிழமை காலையில் அங்கே தமிழ் வகுப்பு நடத்துகிறேன். மாலையில் ராப் பாடுகிற பிள்ளைகள் வந்து பதிவுசெய்துகொண்டு போகிறார்கள். நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், சொந்தக் கைக்காசில் பாட்டு வெளியிடுகிறவர்கள் அவர்கள். பதிவு முடிந்ததும் எல்லோரும் அநேகமாக ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த ஊரில் தமிழில் ராப் பாடினால் யாருக்குப் புரியும்?

இதை மூடி மறைக்க வேண்டாம். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக, பெரும்பாலும் கரும்புத் தோட்ட வேலைக்கு, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். அவர்களுடைய வழிவந்த நாம் இன்று வீட்டில் ஆங்கிலம் பேசுகிறோம். தமிழ் தங்கியிருப்பது கோயில் பாட்டில், சமையல்கட்டில், ஆயா (பாட்டி), தாத்தா, பெரியம்மா என்று கூப்பிடும் உறவுமுறையில். ஆகவே பாட்டு முழுக்கத் தமிழ் என்றால் பக்கத்து வீட்டுப் பையனுக்கே பாதி எட்டாது. முழுக்க ஆங்கிலம் என்றால், உலகம் முழுவதும் அன்றாடம் வெளியாகும் பாட்டுக் குவியலில் உங்களுடையது எது என்று தேடவே முடியாது.

தங்கியிருக்கிற அந்தத் தமிழிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில். எல்லோர் வாயிலும் நிற்கக்கூடிய நாலைந்து தமிழ்ச் சொற்கள் பல்லவியில் இருக்கட்டும். சரணத்தில் நீங்கள் தெருவில் பேசுகிற ஆங்கிலமும் ஜூலுவும் வரட்டும்.

ஒரு பையன் “கரும்பு இனித்தது, கை கசந்தது” என்ற பல்லவியோடு வந்தான். பதிவை வீட்டுக்கு எடுத்துப்போய் ஆயாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான். அவர் திண்ணையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பல்லவி இரண்டாம் முறை வந்தபோது கத்தி நின்றது. “கை கசந்தது” என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, தன் மாமியார் இரவில் வெடித்த உள்ளங்கைக்கு நல்லெண்ணெய் தடவிக்கொள்வதைச் சொல்ல ஆரம்பித்தார். தங்கை அதைக் கைபேசியில் நாற்பது விநாடி படம் பிடித்துவிட்டாள். வாடகைக் காரை நிறுத்தி எடுத்த வீடியோ பாடல் தேடித் தராத ஆட்களை அந்த நாற்பது விநாடி தேடித் தந்தது. பாட்டு தங்கள் வீட்டைப் பற்றியது என்று பார்த்த ஒவ்வொருவருக்கும் தோன்றியது.

மொழியைக் கலந்தால் தமிழைக் கெடுப்பதாக ஆகாதா?

ஆகாது. இந்த நாட்டு ராப் வளர்ந்ததே அப்படித்தான். கேப் டவுனில் 1980களின் கடைசியில் கிளம்பிய ப்ராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி குழுவினர் தங்கள் வட்டாரத்து ஆப்பிரிக்கான்ஸ் மொழி வழக்கை அப்படியே பாட்டில் வைத்தார்கள். 1994இல் மண்டேலா பதவியேற்பு விழாவிலும் பாடினார்கள். மாஃபிகெங் பக்கத்தில் செட்ஸ்வானா மொழியையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் பாடியதற்கு மோட்ஸ்வாகோ என்றே பெயர் வந்தது. கலவை என்று பொருள். 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, இந்நாட்டுச் சமூகங்கள் வழங்கும் மொழிகளைப் பேணி மதிக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. யாரிடமும் அனுமதி கேட்டுப் பாட வேண்டிய மொழியல்ல இது.

ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். தமிழ்ச் சொல்லைப் பாட்டில் வைத்தால் சரியாக உச்சரியுங்கள். ழகரம் வரவில்லையென்றால் வரும்வரை மறுபடி பதிவுசெய்யுங்கள். என் அறையில் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

முதல் நூறு பேரை எங்கே பிடிப்பது?

தெரிந்தவர்களிடம். இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடுகிறது. முன்பின் தெரியாதவர்கள் லட்சக்கணக்கில் வருவார்கள் என்ற கனவோடு வருகிறார்கள். ஆனால் நம் நகரத்திலேயே கண்ணெதிரே நடந்த கதை ஒன்று இருக்கிறது. 2010களின் தொடக்கத்தில் டர்பனில் கறுப்பின மக்கள் குடியிருப்புகளான டவுன்ஷிப்களின் பையன்கள் படுக்கையறைக் கணினியில் கோம் என்னும் நடன இசையை உருவாக்கினார்கள். வானொலி அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மினிபஸ் டாக்ஸி ஓட்டுநர்களிடம் கொடுத்தார்கள். டாக்ஸியில் ஏறியவர்கள் கேட்டார்கள், இறங்கும்போது பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்கள். பிறகுதான் ஐரோப்பா திரும்பிப் பார்த்தது.

நமக்கும் டாக்ஸி உண்டு. அதோடு கோயில் குழு, கால்பந்துக் குழு, குடும்பக் குழு என்று ஒவ்வொருவர் கைபேசியிலும் பத்து வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் குழுக்களில் இணைப்பைக் கொட்டிவிட்டுப் போகாதீர்கள், யாரும் தொடமாட்டார்கள். உங்கள் கைபேசியில் உள்ளவர்களில் இசையில் நாட்டமுள்ள முப்பது பேரைப் பொறுக்கி, ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி எழுதுங்கள். “அண்ணா, இரண்டாம் சரணத்தில் உங்கள் கடை வாசல் வருகிறது, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்” என்று எழுதினால் எந்த அண்ணனும் கேட்காமல் இருக்கமாட்டார். ஒரு மாலைப் பொழுது அதற்குப் போகும், போகட்டும்.

பதில் போட்டவர்களை வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேரும். உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும் என்பதால் சேமிக்கச் சொல்லிக் கேளுங்கள். சம்மதம் கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். அது மரியாதை, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அதையே எதிர்பார்க்கிறது.

டேட்டா விலையும் நினைவில் இருக்கட்டும். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2020 ஏப்ரலில் வோடகாம் கைபேசி நிறுவனம் ஒரு ஜிபி விலையை 149 ரேண்டிலிருந்து 99 ரேண்டாகக் குறைத்தது. அதுகூட வேலையில்லாத பையனுக்குப் பெரிய தொகைதான். மூன்று நிமிடப் பாட்டை 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் மூன்று எம்பிக்கும் குறைவு. வீடியோ அதைப் போலப் பல மடங்கு தின்னும். எனவே நெருங்கிய வட்டத்துக்கு முதலில் பாட்டுக் கோப்பையே அனுப்புங்கள். “இலவசமாகக் கொடுத்துவிட்டால் பிறகு எப்படி” என்று தயங்க வேண்டாம். பிடித்துப்போனவர்கள் தளத்துக்கும் வருவார்கள்.

யூடியூப், ஸ்பாட்டிஃபை, டிக்டாக்: எதில் ஏற்றுவது?

மூன்றிலும். ஆனால் மூன்றுக்கும் வேலை வேறு. டிக்டாக்கில் முகம் தெரியாதவர்கள் பார்ப்பார்கள். அடுத்த விநாடி மறப்பார்கள். யூடியூபுக்கு ஆயாக்களும் மாமாக்களும் வருவார்கள். 2018 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த ஸ்பாட்டிஃபையில் இளவட்டம் தன் பட்டியலில் சேர்த்துத் திரும்பத் திரும்பக் கேட்கும். டிக்டாக்கில் பாட்டை நீங்களே வீடியோவாகப் போடுவதோடு நிறுத்தாமல், பாட்டைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனம் வழியாக ஒலித்துண்டாகவும் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் மற்றவர்கள் அதை எடுத்து ஆட முடியும். உங்கள் பெயரும் கூடவே போகும்.

வெளியிடும் முன் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

நேற்றிரவு ஒலிக்கலவை (மிக்ஸிங்) முடித்து இன்று காலை ஏற்றிவிட்டேன் என்று வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆறு மாத உழைப்பு அப்படி ஒரே காலையில் வீணாகிறது. ஸ்பாட்டிஃபையில் கலைஞர்களுக்கான பக்கத்தில், இன்னும் வெளிவராத பாட்டை அவர்களுடைய தொகுப்பாளர்களுக்கு அனுப்பலாம், கட்டணம் இல்லை. வெளியீட்டு நாளுக்கு ஏழு நாளாவது முன்னதாக அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டு தானாகப் போய் உட்காரும். விநியோக நிறுவனம் பாட்டைக் கொண்டுசேர்க்கவும் சில நாள் ஆகும். ஆகவே மூன்று நான்கு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். 2015 முதல் உலக வழக்கப்படி புதுப்பாட்டு வெள்ளிக்கிழமையில் வருகிறது. பெரிய நிறுவனங்களும் அன்றைக்குத்தான் வெளியிடுகின்றன. நம்மைப் போன்றவர்கள் செவ்வாயோ புதனோ வெளியிட்டால் குடி முழுகிவிடாது.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரமாக இருக்கட்டும். கைபேசியில் அது நகக்கண் அளவுக்குச் சுருங்கும், ஆகவே எழுத்து பெரிதாக வேண்டும்.

உங்கள் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள். ஒரு தங்கை ஓரிடத்தில் ஓர் எழுத்தைக் கூட்டியும் இன்னோரிடத்தில் குறைத்தும் பதிந்திருந்தாள். பாட்டுகள் மூன்று பக்கங்களில் சிதறிக் கிடந்தன. சரிசெய்ய இரண்டு மாதம் ஆயிற்று.

வரிகளை எழுதிக் கொடுங்கள். தமிழ் வரியைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் கொடுத்து, கீழே பொருளும் போடுங்கள். வீடியோவிலும் அப்படியே. நம் ஊரில் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம். ஆனால் சேர்ந்து பாட ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பணம் கொடுத்தால் பத்தாயிரம் முறை ஓட வைக்கிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பாட்டு ஒன்று வெளியானபோது இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒருவருக்கு 1,200 ரேண்ட் கொடுத்தேன். ஒரே வாரத்தில் எண்ணிக்கை ஏறியது. பூரித்துப்போய் வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். பிறகு, கேட்டவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று பார்த்தபோது, நான் பெயர்கூடக் கேட்டிராத இரண்டு ஊர்களிலிருந்து எல்லாமே வந்திருந்தன. ஒருவர்கூடப் பாட்டைச் சேமிக்கவில்லை, ஒருவர்கூடப் பின்தொடரவில்லை. மூன்றாம் வாரம் பாட்டைத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். உண்மையாகக் கேட்டுக்கொண்டிருந்த இருநூற்றுச் சொச்சம் பேரின் பட்டியல்களிலிருந்தும் அது மறைந்தது. இழந்த பணத்தைவிட அந்த இருநூறு பேரை நினைத்தால்தான் இன்றும் மனம் வலிக்கிறது.

இப்போது விதிகள் இன்னும் கடுமை. 2024 முதல், எண்ணிக்கை செயற்கையாக ஏற்றப்பட்டது என்று ஸ்பாட்டிஃபை கண்டறிந்த பாட்டுக்கு விநியோக நிறுவனத்திடம் அபராதம் வாங்குகிறார்கள். அந்தச் செலவு உங்கள் தலையில்தான் வந்து விழும். அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. உங்கள் பாட்டை அடுத்து யாருக்குக் காட்டலாம் என்று தளம் முடிவுசெய்வது, இதுவரை கேட்டவர்கள் வேறு என்ன கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான். போலிக் கணக்குகள் எதை எதையோ ஓட்டுபவை. அவற்றோடு உங்கள் பாட்டைச் சேர்த்துவிட்டால், டர்பனில் ராப் கேட்கிற பையனிடம் அது போய்ச் சேரும் வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

கையில் 300 ரேண்ட் இருந்தால் அந்த ஆயா பேசியது போன்ற ஒரு துண்டுக் காட்சியை எடுத்து, டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா என்று ஊரைக் குறித்து இன்ஸ்டாகிராமிலேயே விளம்பரமாக ஓட்டுங்கள். பத்தாயிரம் வராது. வருகிறவர்கள் மனிதர்களாக இருப்பார்கள்.

எண்ணிக்கையில் எதைப் பார்ப்பது?

ஒருவர் எத்தனை முறை கேட்டார் என்பதைப் பாருங்கள். நூறு பேர் ஆளுக்கு ஆறு முறை கேட்டிருந்தால், இரண்டாயிரம் பேர் ஒருமுறை கேட்டதைவிட எனக்கு அது நல்ல செய்தி. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி தாண்டினால்தான் ஒரு கணக்கு. நீளமான முன்னிசையும், நண்பர்கள் பெயர் சொல்லிக் கூவுவதும் அந்த 30 விநாடியைத் தின்றுவிடுகின்றன. குரல் பத்து விநாடிக்குள் வரட்டும்.

வானொலியில் போடுவார்களா?

கேட்டுப் பார்க்காமல் தெரியாது. லோட்டஸ் எஃப்எம், ஹிந்த்வானி இரண்டும் நம் சமூகத்துக்காகவே டர்பனிலிருந்து ஒலிபரப்பாகின்றன. நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, அந்த நிகழ்ச்சிக்கு எந்தப் பாட்டு பொருந்தும் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வசைச்சொல் இல்லாத ஒரு பதிவையும் சேர்த்து வையுங்கள். அது இல்லாமல் திரும்பி வந்த பாட்டுகள் பல.

இதில் பணம் வருமா?

தொடக்கத்தில் சொற்பம். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறை ஓடியிருந்தால்தான் பங்கு கணக்கில் வரும். யூடியூபில் விளம்பர வருவாய்க்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும்.

ஆனால் உரிமைத் தொகையை விட்டுவிடாதீர்கள். நம் பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். நீங்கள் எழுதிய வரியும் மெட்டும் வானொலியிலோ மேடையிலோ ஒலித்தால் அதற்கு வசூல் செய்வது சாம்ரோ என்னும் அமைப்பு. அந்தப் படைப்பு பிரதி எடுக்கப்படுவதற்கும் இணையத்தில் ஓடுவதற்கும் உள்ள பங்கு கப்பாசோ என்னும் அமைப்பு வழியாக வரும். பதிவில் பாடியவர், வாசித்தவர் என்ற முறையில் வானொலி ஒலிபரப்புக்கு உரியது சாம்ப்ரா என்னும் அமைப்பிடம். இந்த மூன்றும் வேறு வேறு. ஒன்றில் சேர்ந்துவிட்டு மற்றதும் வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண் வேண்டும். இந்நாட்டில் அதை இசைப்பதிவுத் துறை அமைப்பான ரிசா வழங்குகிறது, விநியோக நிறுவனமும் தரும்.

பதிவு முடிந்த அன்றே, ஆளுக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பீட் என்னும் பின்னணித் தாள இசை செய்தவன் மச்சானாக இருந்தாலும் சரிதான். என் அறையில் அந்தத் தாளில் கையெழுத்தாகாமல் கோப்பு வெளியே போகாது. பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு பங்கு பேசி, அண்ணன் தம்பி பேச்சு நின்ற வீடு எனக்குத் தெரியும்.

பழைய தமிழ்ப் படப்பாட்டை வெட்டிப் பீட்டில் சேர்க்கலாமா?

அனுமதியில்லாமல் வேண்டாம். யூடியூபின் ஒலி அடையாள முறை சில விநாடித் துண்டைக்கூடக் கண்டுபிடித்துவிடும். வருவாய் அந்த உரிமையாளருக்குப் போகும், அல்லது வீடியோவே மறையும். தமிழ் ஒலி வேண்டுமென்றால் இங்கேயே கிடக்கிறது. தைப்பூசத்தன்று காவடிக்கு அடிக்கிற உறுமியையும் தவிலையும் வாசிப்பவரிடம் கேட்டு, கூலி கொடுத்து, நீங்களே பதிவுசெய்யுங்கள். வரிகளுக்குத் திருக்குறள் இருக்கிறது, சித்தர் பாடல்கள் இருக்கின்றன; 1921இல் மறைந்த பாரதியாரின் வரிகளுக்கும் தடையில்லை. வேறொருவர் பாடிய பதிவைத்தான் தொடக்கூடாது.

இணையத்தில் வாங்கும் பீட்டுக்கு ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் வாடகை உரிமைதான். இத்தனை முறைக்கு மேல் ஓடினால் புதுப்பிக்க வேண்டும் என்று இருக்கும். அதே பீட்டில் இன்னும் இருபது பேர் பாடியிருப்பார்கள்.

எந்த மாதத்தில் வெளியிடுவது நல்லது?

புரட்டாசியில் கொண்டாட்டப் பாட்டை வெளியிடாதீர்கள். நம் வீடுகளில் அந்த மாதம் முழுவதும் விரதம். இறைச்சி இல்லை, விருந்து இல்லை. புரட்டாசி முடிந்து தீபாவளிக்கு முன் வரும் நாட்கள் நல்ல நேரம். வீட்டுக்கு வீடு வாழ்த்து அனுப்பும்போது பாட்டும் கூடவே போகும்.

தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் கேட்பார்களா?

மலேசியாவில் யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் வெளியிட்ட வல்லவன் இசைத்தொகுப்பு, புலம்பெயர்ந்த பிள்ளைகளின் தமிழ் ராப்பைத் தமிழ்நாடும் கேட்கும் என்று காட்டியது. அவர்கள் தங்கள் ஊர்த் தமிழில் பாடினார்கள். நீங்களும் சென்னைத் தெருப் பேச்சைப் படம் பார்த்துக் கற்றுப் பாடாதீர்கள். இங்கே நாம் சொல்கிற “ஆயா”வை அங்கே வேறு ஒருவருக்குச் சொல்வார்கள் என்றால், அதை விளக்கி ஒரு வரி எழுதுங்கள். கேட்பவர்களுக்கு அந்த வேறுபாடே பிடிக்கும்.

வெளியிட்ட பாட்டை யாருமே கேட்கவில்லை. எடுத்துவிடட்டுமா?

எடுக்காதீர்கள். கோயில் திருவிழா மேடையில் ஒருநாள் பாடுவீர்கள். கேட்டவர் வீட்டுக்குப் போய் உங்கள் பெயரைத் தேடுவார். அப்போது ஒரு பாட்டு மட்டும் இருந்தால் கேட்டுவிட்டுப் போய்விடுவார், நாலு இருந்தால் உட்காருவார். கலவை சரியில்லாததால்தான் எடுக்க நினைக்கிறீர்கள் என்றால், விநியோக நிறுவனத்திடம் கேட்டு, திருத்திய கோப்பை ஏற்றுங்கள். பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணும் எண்ணிக்கையும் கூடவே வருமா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கோப்பைத் திருத்தத்தான் யோசனை என்றால் சனிக்கிழமை மூன்று மணிக்குமேல் வாருங்கள். வகுப்பு முடிந்திருக்கும்.